பியானோ மூடியிருந்த வாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு பியானோக் கச்சேரி கேட்டுவிட்டு ரயிலில் மாத்தளைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் விரல்கள் சும்மா இருக்கவில்லை. மடியில் கிடந்த கைப்பையின் மேல் வாசித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்திருப்பார். வரும் சனிக்கிழமை எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் நான் முதன்முதலாகத் தனியாக வாசிக்கவிருந்தேன்.

எங்கள் பியானோ, ஒரு தோட்டத்துத் துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டதில் அப்பா எடுத்தது. அதே ஏலத்தில் பக்கத்து வீட்டு நானா ஒரு பைனாகுலர் எடுத்தார். அவர் மிளகும் கராம்பும் விற்கும் முஸ்லிம் வியாபாரி; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினால், இரவு இஷாத் தொழுகை வரைக்கும் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நானும் அந்த நேரத்தில்தான் வாசிப்பேன். எப்போதாவது கீழே இறங்கி வந்து மதிலுக்கு மேலால் கூப்பிடுவார்.

"தங்கச்சி, வியாழன் வந்திருக்கு. பக்கத்துல குட்டிப் புள்ளிங்க தெரியுது, பாருங்க."

பைனாகுலரையும் நீட்டுவார். என் வாசிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வீட்டு ரேடியோவில் செய்தியைத் தவிர வேறெதுவும் கேட்காது. மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பொறுத்துக்கொள்கிறார் என்றே நான் முடிவுகட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை நானா கடையில் மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வீட்டில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சத்தம் கூடாது, கவலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மதத்தார் வீட்டில் சாவு விழுந்தாலும், உடலை எடுக்கும்வரை ஒரு வீட்டிலும் ரேடியோ பாடாது, மேளம் அடிக்காது. நானாவுக்கு உயிர் இருக்கும்போதே தெரு அந்த வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மீன்காரர்கூடக் கூவாமல் போனார். அம்மா பியானோவை மூடி, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானா பிழைக்க வேண்டும் என்று செபமாலை சொன்னேன். சனிக்கிழமை நாசமாகப் போகிறதே என்றும் பொருமினேன். இரண்டும் மனதாரத்தான். வேறு வழியில்லாமல் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரல்களை ஓட்டினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். நானாவின் மனைவியை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். வாசலிலேயே அழுதார்.

"கஞ்சியும் குடிக்கிறாரில்ல, மருந்தையும் துப்பிர்றாரு. செவரப் பாத்துக்கிட்டே கெடக்காரு."

நான் அறைக்குள் காலை வைத்ததும் நானா பதறி எழும்பப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, நீங்க மவுத்தாகலயா?"

நீ சாகவில்லையா என்றல்லவா என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்! அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழமையிலேருந்து உங்க பொட்டி சத்தமில்ல," என்றார் நானா. "தெருவே ஊமையாக் கெடக்கு. யாரு மவுத்துன்னு கேட்டா, பேசாமப் படுங்கன்னு சொல்றாங்க. எனக்குத் தாங்காதுன்னு மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

அவர் அழுதார். இத்தனை வருசமும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் இல்லையென்று நினைத்துத்தான் மருந்தைத் துப்பியிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

"டாக்டர் சத்தம் கூடாதுன்னு சொன்னாருங்களே நானா?"

"அது சத்தமில்ல. போய் வாசிங்க."

அன்று மஃரிபுக்குப் பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து வாசித்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்து, "மனுசன் சாகக் கெடக்காரு, இவளுக்குப் பாட்டு கேக்குது" என்றார். நான் நிறுத்தவில்லை. நானா கஞ்சி குடித்தார் என்று ராத்தா மதிலடியில் வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்தாராம். வானம் தெரிய வேண்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாராம். கண்டம் தாண்டிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். அன்று மாலை, மறுநாள் மண்டபத்தில் வாசிக்க வேண்டியதை முதலிலிருந்து கடைசிவரை அவருக்காக வாசித்தேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மூடியை இறக்கினேன். கையை எடுப்பதற்குள் மதிலுக்கு அப்பாலிருந்து ஒப்பாரி வெடித்தது.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று சுவரில் தலையை மோதினேன். சனிக்கிழமை காலை அவரை அடக்கம் செய்தார்கள். நான் மண்டபத்துக்குப் போகவில்லை.

சில நாள் கழித்து ராத்தாவைப் பார்க்கப் போனேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வெள்ளைச் சேலையில் இருந்தவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீங்க பாதியில இருக்கிறப்பவே போயிட்டாரு, தங்கச்சி," என்றார். "வாசிச்சு முடியட்டும்னு நாந்தான் யாரையும் அழ விடல."