கண்ணை மூடித் தட்டிய பட்டன்

திருவூடல் தெருவில் டைப்பிங் கடை வைத்திருக்கும் ஜோதியம்மாள் டைப் அடிக்கும்போது விரலையும் பார்க்க மாட்டாள், திரையையும் பார்க்க மாட்டாள். கண் வந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாளில், வாய் அண்ணாமலையார் பேரில், விரல் தன்பாட்டுக்கு ஓடும். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில், சந்தனம் குங்குமம் வைத்த கீபோர்டுக்குக் கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓரத்துப் பெரிய என்டர் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவாள். அதுதான் அவளுக்கு வருசத் தொடக்கம்.

இரண்டாயிரத்து எட்டில், பூசையன்று மத்தியானம் மாறன் வந்தான். அவள் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறவன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸைப் புதுசாக ஏற்றுகிறேன் என்று ஓடவிட்டுவிட்டு பெங்களூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். சாயங்காலம் கீபோர்டுக்குப் பூச்சரம் சாத்தி நிமிர்ந்தால், திரையில் இங்கிலீசில் ஏதோ கேள்வி, கீழே நீளமாக ஒரு பட்டியல். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாதே!

"காலைல பதில் சொல்றேன் சாமி, கோச்சுக்காத" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாள் கண்ணை மூடித் தட்டியதுதான் அந்தப் பதில். கண்ணைத் திறந்தபோது கேள்வி போய்விட்டிருந்தது.

முதல் ஆளாக ராமகிருஷ்ணன் வந்து நின்றார். அம்மாவின் கருமாதிப் பத்திரிகை. கீழ்பென்னாத்தூர் அண்ணன், அச்சடித்த பத்திரிகை கைக்கு வந்தால்தான் வருவேன் என்று, பெற்ற தாய் காரியத்துக்கே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மத்தியான பஸ்ஸுல குடுத்தனுப்பணும் ஜோதிம்மா. அவன் வரலன்னா காக்கா சோறு எடுக்காது."

ஜோதியம்மாள் மடமடவென்று அடித்தாள், பிரிண்ட் கொடுத்தாள். தாளில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக நெளிநெளியாக எழுத்து ஓடியிருந்தது.

"என்னாம்மா இது? பாய் ஊட்டுப் பத்திரிகைய எங்கிட்ட குடுக்கிற?"

"சந்தனம் ஜாஸ்தியாயிடுச்சுங்க." கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். குங்குமம், சாமந்தி இதழ், போன வருசத்து அரிசி எல்லாம் கொட்டின. எழுத்து மாறவில்லை. பழைய கீபோர்டை எடுத்து மாட்டினாள். அதிலும் அதே நெளிவு.

"இதுக்கும் பொட்டு வெச்சியா?"

"இல்லீங்களே. பக்கத்துல இருந்துச்சு, ஒட்டிக்கிச்சோ என்னமோ."

அடுத்த அத்தர் கடையிலிருந்து குலாம் ரசூல் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"எழுத்து எங்குளுது மாதிரிதான் இருக்குது. படிச்சா ஒண்ணும் வரல. ரெண்டு மூணு எழுத்து எனக்கே புதுசா கீதுங்க."

"எங்கம்மா பேராவது இருக்குதா பாருங்க பாய். பச்சையம்மாள்."

பாய் வரிவரியாக விரல் வைத்துத் தேடினார். "இல்லீங்க. நல்லாவே பாத்துட்டேன்."

கடைசியில் மாறனுக்குப் போன் போட்டார்கள்.

"கீபோர்டு எந்த நாட்டுதுன்னு கேட்டிருக்குங்க்கா. நீங்க என்னா குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? கண்ண மூடி அண்ணாமலையார நெனச்சுத் தட்டினேன்."

"சும்மா தட்டினா பட்டியல்ல மொத நாட்ட எடுத்துக்கும். அது ஆப்கானிஸ்தான்க்கா."

ஜோதியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "இவ்ளோ நேரமும் அங்க ஒக்காந்தா அடிச்சிட்டிருந்தேன்?"

மாறன் போனிலேயே வழி சொன்னான். மவுஸால் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு நாடாக இறங்கினாள். ராமகிருஷ்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மெதுவா போம்மா, நம்மூரு ஸ்டாப்பு தாண்டிடப் போவுது!"

இந்தியா வந்தது. அதற்குள் தமிழ் இருந்தது. ஆப்கானிஸ்தானை எடுத்துவிட்டு அதை வைத்தாள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே அடித்தாள். திரையில் பச்சையம்மாள் என்று வந்ததும், அதுவரை அழாத ராமகிருஷ்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்திரிகை மத்தியான பஸ்ஸிலேயே போனது. அண்ணன் வந்தார். சோறு வைத்து நகர்வதற்குள் காக்கா எடுத்துவிட்டது.

அந்த நெளிவுத் தாள்தான் மிச்சம். எழுத்தைக் கசக்கி எறிந்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று ஜோதியம்மாள் அதைப் பாயிடம் கொடுத்தாள். ஓதுகிற எழுத்தாச்சே என்று பாயாலும் எறிய முடியவில்லை; அத்தர் புட்டிகளுக்கு மேலே ஒட்டி வைத்தார். வருகிறவர்கள் பயபக்தியோடு, "இது என்னா துவா பாய்?" என்று கேட்கிறார்கள்.

"ராமகிருஷ்ணனோட அம்மா கருமாதிப் பத்திரிகைங்க" என்று அவர் உள்ளதைத்தான் சொல்கிறார். யாரும் நம்புவதில்லை.