துப்பாக்கிப் புத்தகமும் தொட்டில் கட்டையும்

புத்தகக் கடை வேலை என்றால் நாற்காலியில் சாய்ந்து படிக்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஓசூரில் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு எங்கள் கடைக்கு வரவேண்டும். லேத் புத்தகம், வெல்டிங் புத்தகம் என்று நாலு பாஷையில் கேட்பார்கள். உள்ளே தொட்டிலில் என் பிள்ளை அழும். கைக்குழந்தையோடு வேலைக்குப் போன சகோதரிகளுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை.

லைசென்ஸ்

கிருஷ்ணகிரியிலிருந்து கரீம் பாய் வந்தார். காட்டுப்பன்றியை விரட்டும் விவசாயிகளுக்கு நாட்டுத் துப்பாக்கி செய்து கொடுப்பவர். குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கிற பழைய வெளிநாட்டு நீளத் துப்பாக்கி ஒன்று செய்யவேண்டும், அதற்குப் புத்தகம் வேண்டும் என்றார். "லைசென்ஸ் இருக்குதுங்களா பாய்?" என்றேன், மெதுவாக.

எடுத்துக் காட்டினார். "இருக்குதும்மா. புள்ள வளக்கறதுக்குத்தான் யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல."

கல்யாண ஆல்பம்

பாய் கேட்டதற்காகப் பெங்களூரிலிருந்து மூன்று துப்பாக்கிப் புத்தகங்கள் பார்வைக்கு வந்தன. கடைக்காரர் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். "நீதான் கான்வென்ட்ல படிச்சவ. ஒண்ண எடுத்துட்டு ரெண்டத் திருப்பிரு. பாய் வேண்டாம்னு திருப்பிக் கொண்டாந்தாருன்னா, தொட்டிலக் கழட்டிரும்மா" என்றார். தொட்டில் இல்லாமல் எனக்கு வேலை இல்லை.

கான்வென்டில் செய்யுள் ஒப்பித்தேன். துப்பாக்கிக் கட்டை எப்படிச் செதுக்குவார்கள் என்று எந்த சிஸ்டரும் சொல்லித்தரவில்லை. முதல் புத்தகம் வழவழ தாள், செய்துமுடித்த துப்பாக்கிகளின் கலர் படங்கள். அழகில் மயங்கி அதையே எடுக்க இருந்தேன். பார்சல் கட்டும் சரோஜாக்கா எட்டிப் பார்த்தார்.

"கல்யாண ஆல்பம் கணக்கா இருக்குது. சமையக்கட்டு எங்க புள்ள?"

கை தவறினால்

இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு ஃபாக்டரியே வேண்டும், ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது ஒல்லி, வெறும் கோட்டுப் படங்கள். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், உளி தவறிவிட்டால் என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தது. நான் வாங்கிவைத்திருந்த குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்றுதான் இருக்கும். செய்துதொலைத்தவளுக்கு ஒரு வரி கிடையாது.

பாயிடம் அதைச் சொல்லியே கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பயந்தவங்க எடுத்த புஸ்தகம். வெடிமருந்துக்கு அதான் நல்லது" என்றார்.

கழட்டச் சொன்னார்கள்

மாம்பழ சீசனில் பாய் மறுபடி வந்தார், கையில் பேப்பர் சுற்றிய பொட்டலம். புத்தகம்தான் திரும்பி வந்துவிட்டது என்று என் கண் தொட்டிலுக்குப் போனது. பிரித்தால், பளபளவென்று ஒரு தொட்டில் கட்டை. சேலையை விரித்துப் பிடிக்க இரு நுனியிலும் காடிப் பள்ளம் வெட்டியிருந்தது.

"துப்பாக்கிக்குச் செதுக்குன மொதக் கட்டை கை தவறிப் பொளந்துருச்சும்மா. புஸ்தகம் சொன்னபடி ஒட்டியும் பாத்தேன், நிக்கல. ரெண்டாவதுல துப்பாக்கி ஜோரா வந்துருச்சு. பொளந்தது ஈட்டி மரமாச்சே, எரிக்க மனசு வரல. அதான் தொட்டில் கட்டையாக்கிட்டேன்."

அண்ணாச்சி கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தொட்டிலக் கழட்டும்மா. புதுக் கட்டைய மாட்டணும்லா."

துப்பாக்கிக்கு வெட்டிய மரத்தின் கீழே தூங்கும் என் மகள் தீபாவளி வெடிக்குக்கூடக் கண் திறப்பதில்லை. யாராவது புத்தகத்தைக் கீழே போட்டால் துள்ளி விழுகிறவள் இன்றைக்கும் நான்தான்.