கால்குலஸ் இல்லாத அறை

நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் இயற்பியலுக்குத் தனி வகுப்பு வைத்தார்கள், அதுவும் இரண்டு விதமாக. கீழ் அறையில் வெறும் அல்ஜீப்ராவை வைத்தே கணக்குப் போடுவார்கள். மாடியில் கால்குலஸோடு நடக்கும். இஷ்டப்பட்டதில் சேரலாம் என்றார்கள். அந்த இஷ்டம்தான் சிக்கல்.

எனக்குக் கீழ் அறையில்தான் ஆசை. ஆனால் என் பக்கத்தில் உட்காரும் தோழி, ஜவளகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், கணக்கில் எப்போதும் என்னைவிடக் கொஞ்சம் கூட வாங்குகிறவள், "நீ மாடிதானே?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் அவள் ஏற்கெனவே பாதிப் படி ஏறிவிட்டதுபோல இருந்தது.

"பின்னே?" என்றேன்.

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்து, ஒரு கம்பெனியில் தயாராகிற கியர்களை அளந்து பார்க்கும் வேலையில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும், "எதும்மா கஷ்டம்?" என்றார்.

"மாடிதான்ப்பா."

"அப்ப எதுக்கு மாடி?"

நான் குளிக்கப் போய்விட்டேன்.

முதல் நாளே மாடி சார் பலகையில் இன்டக்ரேஷன் குறியை நீளமாக இழுத்தார். கணக்கு வகுப்பில் அந்தப் பாடம் வரப் பல மாதம் இருந்தது. அந்தக் குறியை அழகாக எழுதக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. தோழியோ நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டுவாள். அவளைப் பார்த்து நானும் ஆட்டுவேன். எங்கள் இருவரையும் பார்த்து சார் வேகத்தைக் கூட்டுவார்.

நான்காவது வாரம் அவள் வரவில்லை. காவேரிப்பட்டினத்தில் கல்யாணம் என்றாள். அடுத்த வாரமும் கல்யாணம்.

"உங்க வீட்டுல எத்தனை கல்யாணம்டி?"

"பெரிய குடும்பம்."

அதற்கடுத்த சனிக்கிழமை மூன்றாவது கல்யாணம். தனியாக ஒரு மணி நேரம் தலையாட்ட எனக்குத் தெம்பில்லை. வயிற்றுவலி என்று சாரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். கீழ் அறையைச் சும்மா எட்டிப் பார்க்கலாமென்று நின்றால், இரண்டாவது பெஞ்சில் என் தோழி நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மிஸ் உள்ளே வரச் சொன்னார். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"கல்யாணச் சாப்பாடு எப்படி?" என்றேன்.

தொடையில் கிள்ளினாள். "உனக்கு என்ன வந்துச்சு?"

"வயித்துவலி."

வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னாள். "நீ மாடின்னு நெனச்சுத்தான் கேட்டேன். நீ மட்டும் போனா மானம் போயிடும்னு நானும் வந்தேன்."

இருவருக்கும் வேண்டாத ஓர் அறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அன்றைக்குப் போட்ட கணக்கு, பிரேக் போட்ட லாரி எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பது, முழுசாகப் புரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோபம் பஸ் வரும்வரைகூட நிற்கவில்லை.

வருஷக் கடைசியில் கணக்கு வகுப்பில் இன்டக்ரேஷன் வந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ப்ளஸ் டூவில் யாரையும் கேட்காமல் மாடிக்குப் போய்விட்டாள். நான் கீழேயே இருந்தேன். முதல் இரண்டு சனிக்கிழமை பக்கத்து இடம் வெறிச்சென்று கிடந்தது. பிறகு அதில் என் பையை வைத்துக்கொண்டேன்.

பரீட்சையில் இயற்பியலில் இருவருக்கும் ஒரே மார்க். மாடி ஏறிய அவளுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.