பாலும் குளிசையும்

அப்பாவுக்கு நடுக்குவாதம். உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்துக்கொண்டு திரிந்த மனிசன், இப்போது மருந்துக் குளிசை போட்டால்தான் கதிரையை விட்டு எழும்புவார். போன வருஷக் கந்தசஷ்டிக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: சூரன்போர் பார்க்கத் தன் காலால் கோயிலடிக்கு நடந்து போகவேண்டும்.

விரதத்தையும் விடமாட்டேன் என்றார். வெறுவயிற்றில் குளிசை குமட்டும் என்று அம்மா ஒவ்வொரு குளிசையோடும் பெரிய கிளாஸில் பால் ஆற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாளே அப்பாவின் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. உடம்பில் பலம் காணாது என்று அம்மா பாலைக் கூட்டினார். அப்பா இன்னும் விறைத்தார். நடுக்குவாதம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கவலை வரவில்லை. அந்த நாட்களில் எனக்குள் எல்லாமே மரத்துக் கிடந்தது.

நான் கம்பஸில் படிப்பிப்பது, மருந்து மூலக்கூறு புரதத்தில் போய் ஒட்டும் கணக்கு. மருந்தைக் கூட்டக் கூட்டப் புரதத்தில் நிரம்பும் இடங்களும் கூடும். எல்லா இடமும் நிரம்பினபிறகு வரைபின் கோடு மட்டமாகிவிடும். அதே இடத்துக்கு இன்னொரு மூலக்கூறு போட்டிக்கு வந்தால், சமன்பாட்டின் கீழ்ப்பக்கம் பெருத்து மருந்தின் பங்கு சிறுக்கும். அந்த விரத நாட்களில் ஒருநாள் வகுப்பில், மினிபஸ்ஸில் சீற்றுக்கு அடிபடுவது மாதிரித்தான் என்று சொன்னேன். பிள்ளைகள் உதாரணம் கேட்டார்கள். அப்பாவின் குளிசையை எழுதினேன். குடலில் அதை ஏற்றிச் செல்லும் புரதத்தில், சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் ஒட்டும். போட்டியாளர் என்ற இடத்தில் "பால்" என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"இனிக் குளிசையைத் தண்ணியோடை குடுங்கோ. பாலைப் பிறகு, ஆறுதலாக் குடுக்கலாம்."

"அப்ப நான் குடுத்த பால்தான் அவரை மறிச்சதோ, பிள்ளை?"

"ஓம்" என்றேன். சமன்பாட்டைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

சூரன்போரன்று அப்பா நடந்தார். மெல்ல, ஆனால் என் தோளைக்கூடப் பிடிக்காமல். சந்தோஷம் வரவேண்டிய இடம், வரவில்லை. சூரன் விழ, சனம் "அரோகரா" என்றது. நானும் வாயசைத்தேன்.

அம்மா கோயிலுக்கு வரவில்லை. அடுப்படியில் வேலை கிடக்கு என்றார்.

இத்தனை வருஷமும் ஒருவரையும் கேளாமல் அப்பாவுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவர். இப்போது ஒவ்வொரு நாளும் கிளாஸோடு என் அறை வாசலில் வந்து நிற்கிறார்.

"இப்ப குடுக்கலாமோ, பிள்ளை?"