ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே சரக்கு யார்டில் வைத்த பெயர் ‘நிமிஷம்’. வேகன் வந்து நின்ற நேரம், காலியான நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. கொடுத்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் வியாபாரி டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். நாலு பதினேழு என்றால் நாலு பதினேழுதான். நாலேகால் என்று எழுத அவருக்குக் கை வராது. இந்த மனிதரோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்குத்தான் ஒரு பதக்கம் தர வேண்டும்.

என் தம்பி சிமெண்ட் வியாபாரி. அவன் சரக்கும் அதே யார்டுக்குத்தான் வரும். மச்சானுக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவனோ மொட்டைக் கடுதாசி போட, மூன்று மாதம் விசாரணை நடந்தது. ஒன்றுமில்லை என்றுதான் முடிந்தது. ஆனால் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். அப்போது நான்தான் சட்டம் போட்டேன், இனி யார்டு பேச்சு இந்த வீட்டு வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கட்டண விதி மாறியது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது. இனி அதுவும் சேரும், மணிக்கு மணி கட்டணமும் ஏறும். அறிவிப்பை அவரே பலகையில் ஒட்டினார். என் தம்பி பலகையைப் படிக்கிற ஆளா? மாமா உள்ளே இருக்கும்போது தனக்கென்ன என்று திரிகிறவன்.

அந்த ஞாயிறு மதியம் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நேத்து சாயங்காலமே ரெண்டு வேகன் வந்துடுச்சுக்கா. ஆளுங்கள நாளைக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு நிம்மதியா தூங்கணும்.”

அவர் கை தட்டிலேயே நின்றது. “மாப்ளே, அந்த வேகன்...”

“சாப்பிடறப்பவும் யார்டுதானா? எத்தனை தடவ சொல்றது?” என்று நான் பாய்ந்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி சாயங்காலம் வரை கூடத்தில் படுத்துத் தூங்கினான். அப்புறமாவது அவர் சொல்லியிருக்கலாம்தான். விசாரணைப் பயம் ஒரு பக்கம், என் வாய்க்குப் பயம் ஒரு பக்கம்.

லாரிக்கு முன்பணம் கொடுக்கத் தம்பி மூன்று வருஷமாகச் சேர்த்தது மறுநாள் வந்த அந்த ஒரு டெமரேஜ் ரசீதில் போய்விட்டது. அன்று சாயங்காலம் வாசலோடு நின்றான். உள்ளே வரவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே மாமா.”

“தப்புதான் மாப்ளே” என்றார் அவர். என் பக்கம் கையைக் காட்டவில்லை. நான் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முந்தின நாள் மூடியிருக்க வேண்டிய வாய்.

“நான்தான் தடுத்தேன்னு அவன்கிட்ட சொல்லிடறேன்” என்றேன் அன்றைக்கு ராத்திரி.

“வேணாம். பொறந்த வீடுன்னு உனக்கு அவன் ஒருத்தன்தான். கோவம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்.”

தம்பி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். பன்னிரண்டு மணிக்கே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. மூன்று மணிக்குத் திரும்பி, ஆறிப்போனதைத் தானே போட்டுக்கொண்டு உட்காருவார்.

“நல்லா சாப்பிட்டானா?” என்பார்.

“சாப்பிட்டான்” என்பேன். இரண்டு வருஷமாகிறது. தம்பியிடம் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை.