மேரி அக்காவின் கடைவாய்ப் பல்

மேரி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, மதுரையில்.

ஒரு பல்... நிஜமாகவே ஒரு சொத்தைப் பல்லால்தான்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பல வருடமாக வேலை பார்த்தவர். நான் வேலை செய்யும் மெடிக்கல் ஷாப் வாசலில்தான் அவர்களுடைய மில் பஸ் நிற்கும்.

மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால், வெளியிலும் உதட்டைப் பெரிதாக அசைத்துச் சத்தமாகத்தான் பேசுவார். கடையில் எத்தனை பேர் நின்றாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். "தங்கச்சி, பல்லு வலி மாத்திர ரெண்டு குடு. பஸ்ஸ எடுத்துருவான்!"

கொடுப்பேன். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. முதலில் மாதம் ஒரு தடவை வந்தார். அப்புறம் வாரம் ஒரு தடவை.

"டாக்டர்ட்ட காட்டுங்கக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சொல்லிக்கொண்டே மாத்திரையைக் கவரில் போடுவேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பல் பார்ப்பது காலையில். அந்த நேரம் அவர் ஷிஃப்டில் நிற்பார். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பிரைவேட் என்றாலே, "அம்புட்டுக்கு நம்மளால ஏலாது தங்கச்சி."

போன வருடம் மில்லிலேயே பல் முகாம் போட்டார்கள். மறுநாள் கடைக்கு வந்து பையைத் திறந்து காட்டினார். ஒரு பிரஷ், குட்டியாக ஒரு பேஸ்ட், பல் எப்படித் தேய்ப்பது என்று படம் போட்ட நோட்டீஸ்.

"கடவாப் பல்லு சொத்த, புடுங்கணும், ஆஸ்பத்திரிக்கு வாம்மான்னாரு அந்த டாக்டரு. இங்கயே புடுங்கி விடுங்க சார்னேன். இங்க பாக்க மட்டுந்தாம்மான்னுட்டாரு."

அப்புறம் கேட்டார்: "சுகர் மாத்திர வீட்டுக்கே வருது. கண்ணு பாக்க வேன் வருது. பல்லு மட்டும் ஒடம்புல சேத்தியில்லையா?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார், எப்போதும்.

ஆமாம், அவருக்கு சுகர் இருந்தது. எனக்குத் தெரியும். சுகர் இருப்பவர்களுக்குப் பல்லில் சீழ் வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பார்மசி படிப்பில் அதைத்தானே படித்தேன்...

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். ஒரு ஷாலால் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார். வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. பேச்சு இல்லை. கன்னத்தைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரலை நீட்டினார்.

"வாயத் திறங்கக்கா" என்றேன். முடியவில்லை. ஒரு விரல் போகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தாடைக்கு அடியில் கல் மாதிரி வீக்கம்.

பயந்துவிட்டேன். "அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஆட்டோ கூப்புடுறேன்."

வாயைத் திறக்காமலே முனகினார். "திங்கக்கெழம பெர்மிசன் கேட்டுருக்கேன்... ரெண்டு நாளு ஓட்டிர்றேன். வலிக்கு மட்டும் குடு."

கொடுத்தேன்.

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் பூசைக்குக் கிளம்பும்போது எச்சிலை விழுங்க முடியாமல் மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸில் திண்டுக்கல், அங்கிருந்து மதுரை. சீழ் கழுத்துக்கு இறங்கிவிட்டதாம். மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். அப்படியே சில நாள்...

இன்று பஸ் நின்றதும் அவரோடு வேலை பார்க்கும் பெண் இறங்கி வந்தார். "மேரி போயிருச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நாலு பேர் பல் வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள். நாலு பேர் வாயையும் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திர கேட்டா வாயப் பாக்குற. நீ என்ன டாக்டரா?"

அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அங்கே கொடுத்திருப்பார்கள். அவருக்கும் தாடை லேசாக வீங்கித்தான் இருந்தது. பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

மதியம் மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். உடல் இன்னும் வந்து சேரவில்லை. மகள் ஜெனிபர், பிளஸ் டூ படிக்கிறாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கன்னத்தில். அழுது ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மருந்துக் கடையில தான இருக்கீங்க? புள்ளைக்கு நாலு நாளா பல்லு வலியாம். அம்மா இப்புடிக் கெடக்கையில எப்புடிச் சொல்றதுன்னு சொல்லாமயே இருந்திருக்கா. மாத்திர இருந்தா ஒண்ணு குடுங்களேன்..."

நேராக ஜெனிபரிடம் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"வாயத் திற பாப்பா." திறந்தாள். நன்றாகவே திறந்தாள். வீக்கம் இல்லை, நெற்றியும் சுடவில்லை. கீழ்க் கடைவாயில் கறுப்பாக ஒரு குழி.

"எங்கம்மாவுக்கு வந்ததுதானாக்கா எனக்கும்?"

"இல்லடா. இது சின்னது. சரி பண்ணிரலாம்."

சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தெரியும்?

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். நாளை மறுநாள் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று கடையில் லீவு சொல்லியிருக்கிறேன். அதுவரை தாங்கும்தானே?

பல் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், தாங்குமா தாங்காதா என்று கமென்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ப்ளீஸ். தாங்காது என்றால் நாளைக்கே, கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக...

போய் வாருங்கள் மேரி அக்கா. ஜெனிபரை நான் கூட்டிப் போகிறேன்.