காஜா போட்டாச்சு, பட்டன்தான் பாக்கி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் வீட்டுக்காரரின் புளுகு முப்பது வருடமாக ஓடுகிறது. அவர் தையல்காரர். கடைக்கு யார் வந்து கேட்டாலும், "காஜா போட்டாச்சு, பட்டன்தான் பாக்கி, பத்து நிமிஷம்" என்பார். துணியை அப்போது வெட்டியிருக்கக்கூட மாட்டார்.

பெற்ற மகளுக்கும் இதே கதிதான். அவளுடைய பள்ளி ஆண்டு விழா உடுப்பு ஒரு தடவைகூட விழாவுக்கு முன்னால் முடிந்ததில்லை. அவள் இப்போது வெளியூரில் படித்துப் பட்டம் வாங்குகிறாள். "அப்பா தைச்சதைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறுவேன். விழா நாலு மணிக்கு" என்று போனில் சொன்னாள்.

"இந்தத் தடவை கோட்டை விட்டா நான் அப்பனே இல்லை" என்றார் இவர். விமான டிக்கெட் வேறு போட்டார். ஐம்பது நிமிடப் பயணம். எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

சோதனை வாசலில் இவர் நுழைந்ததும் கருவி கத்தியது. பெல்ட்டைக் கழற்றியும் கத்தியது. பார்த்தால், சட்டைக் காலருக்குள் வரிசையாக ஒன்பது குண்டூசி! அதையும் வாங்கிக்கொண்டார்கள், பையிலிருந்த கத்தரியையும் தையல் ஊசியையும் வாங்கிக்கொண்டார்கள். நான் தொலைந்திருந்தால்கூட மனுஷன் அப்படித் தவித்திருக்க மாட்டார்.

பன்னிரண்டரை மணி விமானம். பலகையில் 'தாமதம்' என்று விழுந்தது. "பத்து நிமிஷம்தாங்க" என்றாள் கவுன்டர் பெண். அரை மணி கழித்து, "க்ளீனிங் முடிஞ்சிடுச்சு, கிளம்ப வேண்டியதுதான்" என்றாள். எல்லாரும் சத்தம் போட்டார்கள். இவர் மட்டும் என்னிடம், "நம்பாதே. விமானம் இன்னும் வந்தே சேரலை" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றதுதானே இதெல்லாம்!"

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். வெறும் தரை! சிரிப்பை அடக்க முடியவில்லை.

கசங்கியிருக்குமோ என்று உடுப்பை வெளியே எடுத்தேன். முதுகில் ஆறு காஜா இருந்தது. ஒரு பட்டன்கூட இல்லை.

"அடப்பாவி மனுஷா!"

"அங்க போய்த் தைச்சுக்கலாம்னு..." என்று இழுத்தார். பட்டனும் நூலும் பையில் இருந்தன, ஊசிதான் இல்லை. நேரே கவுன்டருக்குப் போய்க் கேட்டேன். சீருடைக்கென்று வைத்திருந்த ஊசியை அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்துக் கடித்து ஆறு பட்டனையும் தைத்தார். அவளுடைய கோட்டில் தொங்கிய பட்டனையும் சேர்த்தே தைத்துக் கொடுத்தார்.

மூன்றேகாலுக்குத்தான் விமானம் கிளம்பியது. பெல்ட் மாட்டி, ஒரு குவளை தண்ணீர் குடிப்பதற்குள் இறங்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

"மேகத்தைப் பாருங்க" என்றேன்.

"நாலு அடிச்சிடுச்சுடி" என்றார். கண் கலங்கியிருந்தது.

மண்டப வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. மகள் ஓடி வந்தாள். இவர் தலையே நிமிரவில்லை.

"சத்தியமா இன்னிக்கு என் மேல தப்பில்லைம்மா."

அவள் உடுப்பை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "விழா ஏழு மணிக்குத்தான்பா. உங்ககிட்ட தைக்கக் கொடுக்கிறவங்க யாராவது நிஜமான நேரத்தைச் சொல்வாங்களா?"

"அடிப் பாவி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

வாயைப் பிளந்து நின்றவர், பிறகு சிரித்தார் பாருங்கள், வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மண்டபத்துக்குள் அப்போது வேறு யாருமே வந்திருக்கவில்லை.